தும்பை விட்டு

எண்ணெய் சிந்திக் கறுத்த சல்லிக்கல் இடுக்கில்
ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது.
கோச்சியின் வயிறு
நாளுக்கு நாலு தரம் அதன் தலைக்கு மேலால் போகும்.
குனியும்; காற்று அடங்க நிமிரும்.
அதற்கு யாரும் கொடி காட்டுவதில்லை.

தம்பலகாமத்துக்கும் சீனன்குடாவுக்கும் நடுவில்
பெயர்ப்பலகை இல்லாத இந்தக் கடவை என் பொறுப்பு.
இரண்டு தகரக் கூரை, பொலிசார் தந்த விசில்,
நுனி வெடித்த ஒரு மூங்கில்,
அதை இழுத்துக் கட்ட ஒரு முழுத் தும்பு.
தும்பைப் பிடித்தால் மூங்கில் படுக்கும்,
தும்பை விட்டால் எழும்பும்.

"எந்தத் தும்பை, அக்கா?
கையில இருக்கிறதா, கால்மாட்டில பூத்ததா?"
கின்னியாவிலிருந்து மீன்பெட்டியோடு வரும் றம்சீன்
மறித்த நேரமெல்லாம் இதே பகிடி.
கோச்சி போனதும் சிரிப்பையும் கொண்டு போய்விடுவான்.

தண்டு நாலு மூலை.
விரலிடையில் உருட்டினால் உருளாது,
சின்னப் பெட்டி மாதிரி முரண்டு பிடிக்கும்.
கணுவுக்குக் கணு பச்சை முடிச்சு,
முடிச்சைச் சுற்றி வெள்ளை நாக்குகள்.
ஒன்றைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால்
ஊசிமுனை இனிப்பு,
இருந்ததா இல்லையா என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும்.
இலையைக் குறுணியாய் அரிந்து
தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்தால்
முதல் கவளம் கசக்கும்.
மூன்றாவதைக் கை தானாக எடுக்கும்.
சம்பளம் பிந்திய மாதங்களில்
தண்டவாளம்தான் என் மரக்கறிக்கடை.

மாசி கடைசியில் தள்ளுவண்டி வந்தது,
நீல பரல், நீண்ட குழாய், முகமூடி.
முகமூடியைக் கழற்றி
என் மடியில் கிடந்த கீரையைக் காட்டினான்
பந்துசேன என்கிறவன்.
"தும்பை" என்றேன்.
"தும்ப!" என்றான்.
ஒரு ஐகாரம்தான் எங்களுக்கிடையில்.
தலையில் துணி மூடி, மூச்சை இழுத்து, தும்மி,
தடிமனுக்கு ஆவி பிடிப்பதை நடித்துக் காட்டினான்.
அவன் மனைவி பிடிப்பாளாம்,
அல்லது தாய், எனக்குச் சரியாக விளங்கவில்லை.

பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு அடித்தான்.
என் குடிலடி வந்தபோதும் குழாய் நிற்கவில்லை.
நிறுத்துவான் என்று நான் நினைத்திருந்தேன்.
போகும்போது கீரையைக் காட்டி, வாயைக் காட்டி,
வேண்டாம் என்று கை ஆட்டி
மூன்று விரலை உயர்த்தினான்.

மூன்று நாளா.
மூன்று கிழமையா, மாதமா.
கேட்க எனக்கு அவன் மொழியில் சொல் இல்லை.
வண்டி சத்தமில்லாமல் சீனன்குடாப் பக்கம் உருண்டது.

பூக்கள் வெள்ளையாகவே செத்தன.
இலை முதலில் மஞ்சள், பிறகு சுருட்டுத்தாள்.
மூன்று நாள் போனது. மூன்று கிழமையும் போனது.
சோற்றுக்குச் சம்பலோடு சமாளித்தேன்.

இன்றைக்கு, யாரும் எதிர்பாராத ஒரு பாட்டம் மழைக்குப் பிறகு,
அதே கல்லிடுக்கில்
இரண்டு இலை.
குந்தியிருந்து ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன்.
அதே கார வாசம். மருந்து மணக்கவில்லை.
நாக்கில் வைக்கப் போன நேரம்
வளைவில் கோச்சி கூவியது.

எழும்பி ஓடி
தும்பைப் பிடித்தேன்.
இலை எங்கோ விழுந்துவிட்டது.
மூங்கிலுக்கு அந்தப் பக்கம்
றம்சீன் சைக்கிளில் ஒரு கால் ஊன்றி
வாயைத் திறக்கிறான்.