கனநீர்

முதல் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி
மோந்து பார்த்தார் வீபெ ஹூக்ஸ்ட்ரா.
வயது எழுபத்தொன்று.
க்ரோனிங்கன் கால்வாய்ப் பாலத்தைப்
படகுகளுக்குத் தூக்கிவிட்டே
முப்பத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியவர்.
"தண்ணீர்தானே?"
தண்ணீர்தான். கொஞ்சம் கனம் கூடியது.

பாதி பாட்டிலில் தலை சுற்றியது.
தரையில் இருந்துகொண்டே
படகில் நிற்பவர்போல மேசையைப் பிடித்தார்.
இப்படி ஆகும் என்று சொல்லியிருந்தோம்.
கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஒன்பது வாரம் குடித்தார்.
அந்த வாரங்களில் பிறந்த வெள்ளையணுக்கள்
அந்தக் கனத்தில் ஒரு துளி மடியில் முடிந்துகொண்டு பிறந்தன.
முன்பே பிறந்தவற்றின் மடி காலி.
தந்திரம் அவ்வளவுதான்.
எது எப்போது தீர்கிறது என்று
குழாய் குழாயாக எண்ணுவது என் பிழைப்பு.

நியூட்ரோஃபில்களைப் பற்றித்தான் அவருக்கு முதல் வருத்தம்.
எலும்புக்குள் நாள்கணக்கில் வளர்ந்து
ரத்தத்தில் இறங்கி
ஒரு பகல், மிஞ்சிப்போனால் சில பகல்.
பெரும்பாலானவை ஒரு கிருமியின் முகத்தையும் பாராமல்
மண்ணீரலில் போய் ஒடுங்கிவிடும்.
தினம் பத்தாயிரம் கோடி, என்றேன்.
"இத்தனை பேருக்கும் யார் சம்பளம் தருவது?"
சிரித்தபோது ஊசி அசைந்தது.
மறுபடி குத்த வேண்டியதாயிற்று.

இரண்டாம் குளிர்காலம்
கால்வாய் உறையவில்லை.
மூன்றாவதில், கைச்சட்டையைச் சுருட்டியபடி,
யாரிடமோ விலாசம் விசாரிப்பதுபோலக் கேட்டார்:

ஐம்பத்தேழில் தட்டம்மை. எனக்கு ஆறு வயது.
கண் கூசாதிருக்க
திரையை இழுத்துவிட்டுப் படுக்க வைத்தார்கள்.
பக்கத்துக் கட்டிலில் தங்கை சிப்ரிஹ்.
நான் எழுந்துவிட்டேன்.
அந்த வாரத்தை நேரில் பார்த்த அணு
ஒன்றாவது இன்னும் எனக்குள் இருக்கிறதா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
மூன்று வருட எண்கள் வாயை அடைத்தன.

எதையும் சந்திக்காத அணுக்கள்தான்
வருடக்கணக்கில் வாழ்கின்றன, வீபெ.
அடிபடாத, அழைக்கப்படாத,
ஒரு சண்டையும் காணாத அணுக்கள்.
ஞாபகம் வைத்திருப்பவற்றுக்கு ஆயுள் மாதக்கணக்குதான்.
தீர்வதற்குள் இரண்டாகப் பிரிந்து
ஞாபகத்தைக் கைமாற்றிவிடுகின்றன.
வாங்கியது அடுத்ததிடம் தரும்.
அதுவும் தீரும்.
அம்மை இன்று வந்தாலும் உங்களுக்குள் அடையாளம் தெரியும்.
தெரிந்துகொள்வது மட்டும்
அன்றைக்கு அங்கே இருந்ததல்ல.

வெகுநேரம் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்.
ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"வடமேற்குக் காற்றடித்தால்
பாலத்தை முழுசாகத் தூக்கக் கூடாது.
பாதியோடு நிறுத்தணும்.
பதிவேட்டில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.
என்ன நடந்தது, யார் போனார்கள்,
ஒன்றும் இல்லை, அந்த ஒரு வரிதான்.
முப்பத்தெட்டு வருடம்
நான் முழுசாகத் தூக்கவில்லை.
படகுக்காரர்கள் திட்டுவார்கள்."

பிறகு, வேறு யாரிடமோ சொல்வதுபோல:
"அவள் முகம் எனக்கு ஞாபகமில்லை."

நான் குழாயில் எண் ஒட்டினேன்.
ஒட்டியதே கோணல்; பிய்த்து மறுபடி ஒட்டினேன்.
ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னேன்:
எலும்பு மஜ்ஜையின் மூலையில்
சில கிழட்டு அணுக்கள் இருக்கலாம்.
இடத்தைவிட்டு நகராமல், பிரியாமல்,
அன்று கற்ற ஒரே மருந்தை
இன்றும் வடித்துக்கொண்டு.
அறுபது வருடம்கூட இருக்கும் என்பவர்கள் உண்டு.
ஆனால் அவை ரத்தத்தோடு அலைவதில்லை.
எங்கள் ஆய்வுக்கு அனுமதி ரத்தத்துக்கு மட்டும்.

கோட்டை மாட்டினார். தொப்பியைத் தேடினார்.
அது கையிலேயே இருந்தது.

கதவுவரை போய்த் திரும்பி,
"எலும்பைத் துளைக்கப் படிவம் இருந்தால் கொடு.
இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

மேசை இழுப்பறைகள் மூன்றையும் திறந்து பார்த்தேன்,
அப்படியொரு படிவம்
எங்களிடம் இல்லையென்று தெரிந்தே.