ஓட்டை வழியே

ஏழு குழு, ஏழு நோட்டு.
ஆறில் நூறு என்று இருக்கிறது:
கோணலில்லாமல், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு,
பாடப்புத்தகத்தில் உள்ள அதே நூறு.

ஏழாவதில்
எழுதி அழித்து, எழுதி அழித்துத்
தாளே கிழிந்துபோய் ஓட்டை.
அதன் ஓரத்தில் ஓர் எட்டின் பாதி வயிறு.

யாருடையது என்றேன்.
குரோவர் சுகிமியா எழுந்தான், அரைகுறையாக.
"தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு டீச்சர்."

எல் ஆல்டோவில் ஜூன் மாதக் காலை.
முற்றத்துக் குழாயடியில் தண்ணீர் தகடாகக் கிடந்தது.
லிட்ஸி ஓடிப்போய்
ஷூ குதிகாலால் ஒரு துண்டு பெயர்த்து வந்தாள்.
நொறுக்கினோம். கலக்கினோம். தெர்மாமீட்டரை நட்டோம்.
சிவப்புக் கோடு இறங்கி இறங்கி
சுழியத்தில் நின்றது.

"கீழே சரியாச் சொல்றது
மேலே போனா மட்டும் உளறுமா?"
கேட்டது கடைசி பெஞ்சு.

மறுபடி பற்றவைத்தேன்.
இருக்கும் ஒரே சிலிண்டர், அதுவும் பாதி.
ஒரு பீக்கரைச் சுற்றி முப்பத்தொரு தலை.
எழுபது. எண்பது. எண்பத்தைந்து.
பிறகு தளதளவென்று குமிழி.
எண்பத்தேழு.
தீயைக் கூட்டினேன், சத்தம் கூடியது.
இன்னும் கூட்டினேன், ஆவி கூடியது.
கோடு மட்டும் அசையவில்லை.

"நேற்று நீங்கள் பார்த்தது எவ்வளவு?"
ஆறு குழுவும் தரையைப் பார்த்தன.
"இதேதான் டீச்சர். ஆனா விடை நூறாச்சே."

நான் மட்டும் என்ன?
பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் நூறு எழுதிவிட்டு
வீட்டுக்குப் போய்
வேகாத உருளைக்கிழங்கைத் திட்டியவள்தானே.

புத்தகத்தை விளக்குக்கு அருகே பிடித்தேன்.
பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:
கடல் மட்டத்தில்.

"எந்தக் கடல் டீச்சர்?"
நெய்சா கிண்டலாகக் கேட்கவில்லை.
மார்ச் தோறும் இழந்த கரைக்காகக்
கொடி பிடித்து நடக்கிறவள்,
அலையைப் படத்தில் மட்டும் பார்த்தவள்.
ஜன்னலைத் திறந்தேன்.
கீழே, வெகு கீழே, லா பாஸின் கூரைகள்.
அதற்கும் கீழே எங்கோ, என்றேன்.
நம் தலைமேல் காற்றின் பாரம் குறைவு;
தண்ணீர் சீக்கிரம் பொங்கிவிடுகிறது.

கேஸ் தீர்ந்து அடுப்பு இருமி அணைந்தது.
தலைமை ஆசிரியருக்கு என்ன சொல்வதென்று
யோசித்துக்கொண்டிருந்தபோது
குரோவர் ஓட்டையை அடைக்க டேப் கேட்டான்.
வேண்டாம் என்றேன்.

அடுத்த தாளில் எழுதி
மேல்தாளைப் புரட்டி மூடினான்.

ஓட்டை வழியே தெரிகிறது,
87.