மறுகா

துஷா, படுத்திட்டாயெண்டா காலமக் கேள்,
இது நீட்டுக் கதை.
போனுக்குக் காசு போட்டது கயூரன்.
அதச் சொல்லச் சொன்னவன், சொல்லிட்டன்.

வேளாண்ம குடலப் பருவம்.
கிழக்கு மூலையப் பண்டி உழக்கிப் போட்டிரிக்கு.
அப்பா ராவைக்குக் காவலுக்குப் போறார்.
டோச்சுக்கு அதுகள் பயமில்லையாம்.
உன்ட சைக்கிள் பெல்லக் கழட்டிக்கிட்டுப் போய்
பரணில கட்டி அடிக்கிறார்.
ரெண்டு நாள் ஓடின பண்டி
மூணாம் நாள் நிண்டு கேட்டதாம்.

பெல் இல்லாம சைக்கிள் ஆருக்கெண்டு கேப்பாய்.
சைக்கிள லோஜினி ஓடுறாள்.
ஆரு லோஜினி எண்டும் கேப்பாய்.
வாறன் அதுக்கு.

மறுகா,
மண்டூருக்குப் பாதை ஓடல்ல, மூணு நாளா.
எஞ்சின் எண்டுறான் ஒருத்தன், டீசல் எண்டுறான் ஒருத்தன்.
சின்னம்மா அங்கால துறையில நிண்டு
போனில கத்துறா: கைய ஆட்டுறன், தெரியுதா அக்கா?
குருமண்வெளிக் கரையில நிண்டு
நானும் ஆட்டினன்.
நான் கண்ட கை அவடதானோ
வேற ஆருடையதோ.
எனக்கெண்டு பொரிச்ச ஓராவ
அவவே திண்டிட்டாவாம்.

மறுகா,
நேசம்மாக்காட மூத்தவனுக்குப் பேசி முடிச்சாச்சு, பொம்புள கோட்டக்கல்லாறு.
வீடு ஓடு போட்டது, கிணறு நல்ல தண்ணியாம்.
அந்தப் புள்ளையப் பத்தி மட்டும்
இன்னும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல.

எனக்குச் சீனி நூத்தி நாப்பது.
போன மாசத்துக்கு இது நல்லம்.

சரி. லோஜினி.
பதுளப் புள்ள, நம்மட பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு ரீச்சரா வந்தவள்.
உன்ட அறையில இரிக்காள்.
மாசம் ஏழாயிரம்.
பசளை விலை உனக்குத் தெரியும்,
கயூரன்ட ரியூசன் உனக்குத் தெரியும்,
நீ அனுப்புற காசும் எனக்குத் தெரியும்,
அதால உன்னட்டக் கேக்கல்ல.

கேட்டிரிக்கோணும்.
என்ட அம்மா எனக்குத் தந்த வீடு,
நான் உனக்கு எழுதப்போற வீடு.
அம்மா இருக்கக்குள்ள ஒரு கதவுக்கு
வாடகை வாங்கினது கிடையாது.

உன்ட உடுப்ப அலுமாரிக்கு மேல கட்டி வச்சிரிக்கன்.
கண்ணாடிப் பொட்டெல்லாம் அப்பிடியே கிடக்கு,
அவளும் உரிக்கல்ல.
கதவுக்குப் பின்னால இரிக்கிற உன்ட ஆணியில
ஒண்டும் கொழுவமாட்டாள்.
கொழுவு புள்ள எண்டன்.
பரவாயில்ல எண்டாள்.

போன செவ்வாய் நல்ல மழ.
ராவு உள்ளுக்க இருமிக் கேட்டுது.
நித்திரத் தூக்கத்தில,
துஷா, சுடுதண்ணி வேணுமா எண்டு கேட்டுட்டன்.
அவளும் ஓம் எண்டாள்.
கொண்டு போய்க் குடுத்தன்.
ரெண்டு பேரும் பேரத் திருத்தல்ல.

கோவிக்கிறயெண்டாக் கோவி.
அதுக்கு முன்னுக்கு ஒண்டு கேக்கிறன்.
அம்பாந்தோட்டையில உனக்கு அறை தந்த மனிசி,
சோமலதா நோனாவோ என்னவோ,
அவவுக்கும் ஒரு மகள் இரிக்காளெண்டாய், கொரியாவில.
நீ படுக்கிறது
அவள்ட கட்டிலா?
கேட்டியா எப்பயாவது?

கேக்காத, சும்மா பாரு.
சிங்களத்தில இதயெல்லாம் எப்பிடிக் கேக்கிறயோ எனக்குத் தெரியா.
கதவுக்குப் பின்னால ஆணி இரிக்கும்.

மறுகா,
பொங்கலுக்கு லீவு கிடச்சாச் சொல்லு.
லோஜினி ஊருக்குப் போறாளாம், போகாட்டியும்
பாய் இரிக்கு.
காத்து இஞ்சால திரும்பிட்டு.
இந்தா, போன வெளியில நீட்டுறன்,
அப்பா அடிக்கிறார்,
கேக்குதா?