ஒன்று முதல் ஐந்து வரை

வாஷிங்டனிலிருந்து வந்த படிவத்தில்
ஒரே கேள்வி, அறுபத்தாறு தடவை:
'அதிபர் தேர்தலுக்கு இந்த மாவட்டம் எவ்வளவு தயார்?
ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் இடுக.'
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

பியர் நகரில், பூட்டுக்கடை மாடியில்
எங்கள் மாநிலக் கட்சியின் அலுவலகம்.
ஹீட்டர் இருமுகிறது.
ஜன்னலுக்கு வெளியே மிசௌரி
பாதி உறைந்து பாதி ஓடிக்கொண்டு,
எங்கள் செயற்குழுவைப் போல.

வேட்பாளர் யாரென்று இன்னும் முடிவாகவில்லை.
மாப்பிள்ளை தெரியாத கல்யாணத்துக்குப்
பந்தக்கால் நட்டாயிற்று.
சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று.
பத்திரிகையில் பெயருக்கு மட்டும் இடம் விட்டு
அச்சகத்துக்காரனிடம்
விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

அறுபத்தாறில் நாற்பத்தொரு மாவட்டத்துக்குத்தான்
தலைவர் என்று ஒருவர் இருக்கிறார்.
மீதி இருபத்தைந்துக்கும் 'ஒன்று' போட்டுவிட்டு
(பூஜ்யத்தை அந்தப் படிவம் ஏற்கவில்லை)
போனை எடுத்தேன்.

ட்வைட் ஷெட்டர், தானியக் கிடங்கு வைத்திருப்பவர்.
போன தடவை மிஞ்சிய எண்ணூறு அட்டைகள்
அவர் கொட்டகையில்தான்.
"எலி கடிச்சது போக,
பன்றிக் கொட்டில் வடக்குச் சுவருக்கு அடிச்சது போக,
கம்பியெல்லாம் நல்லாத்தான் இருக்கு.
பேர்தான் வெளுத்துப் போச்சு."
ஜெயித்திருந்தால் வெளுத்திருக்காதா என்று
கேட்க வந்ததை விழுங்கினேன்.
மூன்று போட்டேன். கம்பிக்காக.

டெல்ஃபின் அயர்ன் க்ளவுட்
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"சுவரொட்டி அனுப்பாதீங்க. டயர் அனுப்புங்க."
அவர்கள் பழங்குடி நிலத்தின் மறுகோடியிலிருந்து
வாக்குச்சாவடிக்கு நாற்பத்திரண்டு மைல். வேன் ஒன்று.
அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது:
யாருக்கு எந்தக் கிழமை டயாலிசிஸ்,
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
யாரை யாருடைய மச்சானோடு
ஒரே வண்டியில் ஏற்றவே கூடாது.
தலைமையகத்தின் எந்தக் கணினியிலும் இல்லாத பட்டியல்.
ஐந்து போட்டேன்.
டயரை நினைத்து, அடித்துவிட்டு, நான்கு.

நான் பொருளாளர்.
இருப்பு என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்;
தெரிந்ததால்தான்
மற்றவர்களைவிடக் குறைவாகப் பேசுகிறேன்.
காப்பிச் செலவுத் தலைப்பில்
இரண்டு டயருக்கு எழுதினேன்.
மற்ற இரண்டுக்கு
ஆகஸ்டில் பார்க்கலாம்.

கடைசியாக வெர்னா ஹோஃப்ஸ்டாட்.
கன்று ஈனும் பருவம், தொழுவத்திலிருந்து பேசினாள்.
"போன தேர்தல்ல எங்க மாவட்டத்துல நமக்கு
இருநூத்திப் பன்னிரண்டு ஓட்டு.
நூத்தித் தொண்ணூறு பேரை எனக்குத் தெரியும்,
பேர் சொல்லிக் கூப்பிடுவேன்.
மீதி இருபத்திரண்டு பேர் யாரு?"

மூன்றரை வருடமாக இதே யோசனையாம்.
தேவாலயத்தில் முன்வரிசைப் பிடரிகளைப் பார்க்கிறாளாம்.
விதைக்கடைப் பையன் ஒருநாள்
சில்லறை கொடுக்கும்போது
தேவைக்கு மேல் ஒரு நொடி சிரித்தானாம்.
மாட்டு டாக்டர், அந்தக் கட்சித் தொப்பியைக்
குளிக்கும்போதும் கழற்றாதவர்,
"அவராக்கூட இருக்கலாம், சொல்ல முடியாது.
யாருன்னு தெரியாததால
ஊர் முழுக்க எல்லார்கிட்டயும்
மரியாதையா இருக்க வேண்டியிருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பசு அலறியது.
"கால் வெளிய வந்துடுச்சு. வைக்கிறேன்."

மணி ஆறு. பூட்டுக்கடை ஷட்டர் இறங்கும் சத்தம்.
வெர்னாவின் கட்டம் மட்டும் காலி.
இருபத்திரண்டு என்று அடித்தேன்.
'செல்லாத எண்' என்றது திரை, சிவப்பில்.
மறுபடியும் அடித்தேன்.