பதினோராவது பெயர்

பத்துப் பெயர்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும்.
பதினொன்றாவதற்குத்தான்
சனி இரவு முழுக்கப் பேனா தயங்கும்.

ஒருரோவின் உயரத்தில் மூச்சே கடன்தான்.
வெள்ளீயச் சுரங்கத்தில் இரவுப் பணி முடித்து
தலைவிளக்குப் பட்டையின் தடம் நெற்றியில் மறையுமுன்
பயிற்சிக்கு வந்துவிடுவான்
நிகானோர் சோக்கே.

அவனை விட்டுவிட்டுத்தான்
பட்டியலைக் கதவில் ஒட்டினேன்.
ஒட்டிய கையோடு
பந்துகளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.
எல்லாப் பந்திலும் காற்று இருந்தது.

மூன்றுக்கு ஒன்று. வென்றோம்.
என்னைத் தோளில் தூக்கினார்கள்.
அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது:
மூலைக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
மார்போடு அணைத்தபடி
தூரத்தில் போய்க்கொண்டிருந்தான்.

அடுத்த சனி அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.
"நாளை நீ இல்லை."
மூன்றே சொல். மூச்சு வாங்கியது.

"யார் ஆடுகிறான்?"
சொன்னேன்.
"அவனுக்கு இடது கால் வராது.
முன்னாலேயே சொல்லிவை."
கதவைச் சாத்தினான்;
அறையவில்லை.

ஞாயிறு தோற்றோம்.
கோல் விழுந்தது அவன் இடப்பக்கமாகத்தான்.
சொல்லிவைக்க மறந்தவன் நான்.

ஆட்கள் கலைந்தபின்
கொடிகளைப் பிடுங்கப் போனேன்.
மூன்று வந்தன.
நான்காவது
மண்ணை விட்டு அசையவே இல்லை.