குட்

ஞாயிறு மூன்று மணி. கேலாங் லோரோங் ஒன்றில்
தேவாலயத்து மாடி. மூன்று மின்விசிறியில் ஒன்று சுற்றாது.
மிஸ் குவெக் பலகையில் எழுதுகிறார்:
தி மேன் ஹூ குட்
அப்புறம் ஒரு நீளக் கோடு.
பக்கத்தில் இருப்பவரைப் பற்றி நிரப்ப வேண்டுமாம்.

ஹூ என்றால் யார் என்றுதான் அதுவரை தெரியும்.
தங்குவிடுதி வாசலில் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு
முகத்தைப் பார்க்காமல் கேட்கிற யார்.
இந்த ஹூ எதையும் கேட்கவில்லை.
ஆளுக்கும் அவன் செய்ததற்கும் நடுவே
சும்மா தொங்குகிறது, கொக்கி மாதிரி.
நான் ரிக்கர். கொக்கி என்றால் எனக்குப் புரியும்.

தமிழில் கொக்கியே கிடையாது.
அறுபதடி உயரத்தில், காற்றடிக்கும்போது,
ஒற்றைக் கையால் சாரம் கட்டத் தெரிந்த
என்று சொல்லிக்கொண்டே போகலாம்.
ஆள் கடைசியில்தான் வருவான்.
திருச்சி டெஸ்ட் சென்டரிலும் அதே இலக்கணம்:
வெட்டு, தேய், தூக்கு, காட்டு.
பெயரைக் கேட்டது பணம் கட்டிய பிறகு.
இங்கே தி மேன் முதலில் நிற்கிறான்.
ஹெல்மெட் இல்லாமல், வெறுங்கையோடு,
இன்னும் ஒன்றுமே செய்து காட்டாமல்.
எனக்கு அது பிடித்திருந்தது.
குளித்துவிட்டுத் துண்டில்லாமல் நிற்பது போல
கொஞ்சம் கூச்சமும்.

ரஃபிகுல் என்னைப் பற்றி எழுதினான்:
துவாஸிலிருந்து உட்லண்ட்ஸ் வரை லாரியில்
முழங்காலில் தலைவைத்துத் தூங்க முடிந்த மனிதன்.
எல்லோரும் சிரித்தோம். மிஸ் குவெக்
லாரியில் விட்டுப்போன ஓர் எழுத்தைச்
சிவப்பு மையில் ஏற்றிவிட்டார்.
பவுன்ராஜுக்குப் பக்கத்து நாற்காலி காலி.
அவன் கிரேன் லியூவை எழுதினான்:
ஐம்பது டன் கொக்கியில் முட்டையை இறக்கத் தெரிந்தவர்.

என் பக்கத்தில் இன்னாசி.
வலக்கை கால்சட்டைப் பைக்குள்.
ஜனவரியிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது.
கண்ணாடியில் பார்த்தபடியே
குழாயின் பின்பக்கத்தைப் பற்றவைக்கத் தெரியும் அவனுக்கு.
தெரியும். முடியாது.
இரண்டுக்கும் எங்களிடம் தனித்தனிச் சாவி.
இங்கே இரண்டு பூட்டுக்கும் ஒரே குட்.

கை தூக்கினேன். பாதி வாயால், பாதி கையால் கேட்டேன்:
தெரிந்தும் முடியாதவனுக்கு எதைப் போடுவது, மிஸ்?
அவர் மார்க்கரின் மூடியை மாட்டினார், கழற்றினார்.
குட் என்றால் முன்பு முடிந்தது, என்றார்.
இப்போது எப்படி என்று
இந்த வாக்கியம் எதுவும் சொல்லாது.

"குட் வெல்டர்னு போடுடா,"
என் நோட்டை எட்டிப் பார்த்தபடி இன்னாசி சொன்னான்.
"ஸ்பெல்லிங்கை அந்தம்மா பாத்துக்கட்டும்.
நம்ம எழுத்துல ரெண்டும் ஒண்ணுதானே."
உண்மைதான். நோட்டின் முதல் பக்கத்தில்
குட் மார்னிங்கின் குட்டும் இதே குட்தான்.
நான் போட்டேன். கோடு போதவில்லை,
கண்ணாடியை ஓரத்து மார்ஜினில் எழுதினேன்.

என்னைப் பற்றி எழுத அவன் இடக்கையில் பேனாவை எடுத்தான்.
மற்றவர்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்கும்வரை எழுதினான்.
குட்டைத் தொடவில்லை.
மீதியை அடுத்த ஞாயிறு முடிக்கிறேன் என்றான்.
செவ்வாய்க்கிழமை மனிதவள அமைச்சில்
அவனுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

தாள் இப்போது என்னிடம் இருக்கிறது.
டபிள்யூ கோணல். எச் சாய்ந்திருக்கிறது.
ஓ மட்டும், நல்ல குழாயின் வாய்போல,
தொடங்கிய இடத்திலேயே வந்து
மூடியிருக்கிறது.