ஒன்பதாம் பலகை

முகங்களை எனக்குக் காட்டமாட்டார்கள்.
டிமிஷோவாராவின் கண்காட்சிக் கூடத்தில்
நீலத் திரைக்குப் பின்னால் என் மேசை.
திரைக்கு அப்பால் பன்னிரண்டு பேர்,
முந்நூற்றைம்பது டிகிரியில்
பன்னிரண்டு சால்டரிங் முனைகள்,
ஒரு மணி நேரம்.
ஃபிளக்ஸ் புகையின் பைன் பிசின் வாசம் மட்டும்
திரை தாண்டி வரும்.
அதற்கு விதிமுறை தெரியாது.

என்னிடம் வருபவை எண் ஒட்டிய பலகைகள்.
மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்ததும்
கை பேசத் தொடங்கிவிடும்.
இரண்டாம் எண் அவசரக்காரன்:
சில்லின் நூறு கால்களில் இரண்டைச்
சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறான்.
ஐந்தாம் எண் பயந்த ஆள்.
ஒரே மூட்டை மூன்று முறை தொட்டதில்
தாமிரத் திட்டு பெயர்ந்து நிற்கிறது,
புண்ணை விட்டுக் கிளம்பும் பக்கு மாதிரி.
ஏழாம் எண்ணுக்கு வெள்ளீயம்
மாமியார் வீட்டு வெண்ணெய்.

நல்ல மூட்டு எப்படி இருக்கும் என்று
பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.
உள்வாங்கி வளைந்திருக்கும் என்பேன்.
உப்பியிருந்தால் தப்பு.
காலைத் தழுவி இறங்கித்
திட்டில் தரையோடு தரையாய் மெலிந்து
எங்கே முடிந்தது என்று
கண்ணைத் தேடவைக்க வேண்டும்.
அது பற்று.
மற்றதெல்லாம் ஒட்டு.

எனக்கும் பற்றுதான் வேலை,
கணக்குப் புத்தகத்துப் பற்று.
இந்தச் சாய்வுக்கு ஒன்று, அந்தக் கருகலுக்கு இரண்டு.
என் தாளில் வரவுப் பத்தி கிடையாது.

ஒன்பதாம் எண் நாலு மணிக்கு வந்தது.
நூறு கால்களையும் பார்த்தேன்.
மறுபடி பார்த்தேன்,
இந்தமுறை வேலைக்காக அல்ல.
பேனாவை மூடிவைத்துவிட்டேன் என்பது
மூடி கீழே உருண்ட பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஆர் பதினான்கு.
காலி.
இரண்டு திட்டுகள், துடைத்துச் சுத்தமாய்,
மெல்ல ஈயம் பூசி,
தட்டு வைத்தும் ஆள் வராத நாற்காலி போல.

கசகசாவிலும் சிறிய ரெசிஸ்டர் அது.
இடுக்கியிலிருந்து தெறித்தால் தெறித்ததுதான்.
மாற்று தருவதில்லை.
ஆனால் அந்த இடைவெளியில்
ஒரு துளி ஈயத்தைக் குறுக்கே விட்டால்
விளக்கு எரியும்.
சோதனை மேசையில் மூன்று நிமிடம் எரிந்தால் போதும்.
குறுக்கே விட்ட துளிக்குப் பதினைந்து போகும்,
எரியாத விளக்குக்கு நாற்பது.
யாரும் போடக்கூடிய கணக்கு.
போன வருடம் ஒருவர் போட்டார்,
கூடம் கைதட்டியது.

ஒன்பது போடவில்லை.
அல்லது போட்டுப் பார்த்துவிட்டுக்
கோலை ஸ்டாண்டில் வைத்துவிட்டது.

நாற்பது என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து: கேஸியானா ட்ரகோமிர், நடுவர்.
மூன்றாம் எண் ஜெயித்தது,
ஆராத் தொழிற்சாலைக்காரர்.
நியாயம்தான்.

வெளியே மழை. டிராம் நிறுத்தத்தில்
பச்சைக் கோட்டுக்காரி ஒருத்தி ஃபோனில்
“பதினொன்றாவது இடம். சிரிக்காதே ஸ்மராண்டா” என்று
சொல்லிக்கொண்டே
சட்டையின் கைமடிப்பைப் பிரித்தாள்.
பேச்சு நின்றது.
விரல் நுனியை நாவில் நனைத்து
எதையோ ஒற்றியெடுத்துத்
தெருவிளக்குக்கு நேரே பிடித்தாள்.
“அடப்பாவி, இங்கேயா இருந்தே?”

நான் யோசிக்கவே இல்லை.
என் கை பைக்குள் போய்ப்
பத்து மடங்கு லென்ஸை எடுத்து
நீட்டிவிட்டிருந்தது.

அவள் லென்ஸைப் பார்த்தாள்.
என் கழுத்தில் கழற்ற மறந்த
நடுவர் அட்டையைப் பார்த்தாள்.

“நாற்பதா?”
“நாற்பது.”

டிராம் வந்து கதவைத் திறந்தது.
இருவரும் ஏறவில்லை.
லென்ஸ் அவளிடம் இருந்தது,
குடை என்னிடம்.
ரெசிஸ்டர் நனையாதபடி
கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.